பிறப்பிடம், வதிவிடம், அலைவரிசை

இலங்கை வானொலியின் மரண அறிவித்தலுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் பிறப்பிடம் வரும். அடுத்தது வதிவிடம். பிறகு இறந்தவர் யாருடைய மகன், யாருடைய கணவர், யார் யாருக்குத் தகப்பன், யாருக்கு மைத்துனர், யாருக்குப் பேரனார் என்று உறவுகள் ஒவ்வொன்றாக வரும். கடைசியில் எந்த ஆலயத்தில் திருப்பலி, எந்தச் சேமக்காலையில் நல்லடக்கம், எத்தனை மணிக்கு என்று முடியும். சில விநாடி வாசிப்புக்குள் ஒரு மனிதனின் ஊரும் உறவும் முழுதாக வந்துவிடும்.

மன்னார்த் தீவின் பேசாலையில் எங்கள் வீட்டில் யாரும் இந்த அறிவித்தலை ஆரம்பத்திலிருந்து காது கொடுத்துக் கேட்பதில்லை. அம்மா மீன் வெட்டிக்கொண்டிருப்பார், அப்பா வலை பொத்திக்கொண்டிருப்பார். ‘மன்னார்’ என்ற பெயர் விழுந்ததும்தான் கைகள் நிற்கும். அடுத்து வருவது தலைமன்னாரா, வங்காலையா, முருங்கனா என்பதைப் பொறுத்து, அந்த ஊரில் சம்பந்தம் செய்தவர்கள் றேடியோவுக்குக் கிட்ட வருவார்கள். உறவுகளின் பெயரை வாசிக்கும்போது ஆள் இன்னாரென்று பிடிபட்டுவிடும். அழுகை தொடங்குவதும் பஸ்ஸுக்குக் காசு எண்ணுவதும் அதற்குப் பிறகுதான்.

இன்றைக்குக் கைபேசியில் உள்ள வானொலிச் செயலிகள் எல்லாம் ‘உங்களுக்காக’ என்று ஒரு வரிசையை எடுத்து நீட்டுகின்றன. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மரண அறிவித்தல்தான் நினைவுக்கு வருகிறது. நாடு முழுவதற்கும் ஒரே குரலில் போன ஒலிபரப்பு அது. ஆனாலும் உரியவரிடம் தவறாமல் போய்ச் சேர்ந்தது. யாருக்கு உரியது என்ற விபரம் அதற்குள்ளேயே இருந்ததால் அது நடந்தது. இணைய வானொலிக்கு வந்தபோது நாங்கள் கைவிட்டுவிட்டு வந்தது இந்த விபரத்தைத்தான். தேவைப்படுகிறவர் தேவையானதைக் கண்டுபிடிக்க முடியாமல் தவிப்பதெல்லாம் அதிலிருந்து தொடங்குகிறது.

மன்னார்த் தீவில் வானொலிக்குக் கடல் துணை. உப்புநீர், மத்திய அலையைத் தரையைவிடப் பல மடங்கு நன்றாகக் கொண்டுசெல்லும். தூத்துக்குடியில் அகில இந்திய வானொலி வைத்திருந்த 1053 கிலோஹேர்ட்ஸ் அலை, மன்னார் வளைகுடாவைத் தாண்டி வந்து பக்கத்து வளவில் ஆள் நின்று கதைப்பதுபோலக் கேட்கும். 1939இல் தொடங்கிய திருச்சி நிலையம் பாக்கு நீரிணையின் மேலாக வரும். கொழும்பு எப்படியும் வரும். பொழுது பட்டதும் சிற்றலையில் லண்டனும் மணிலாவும் வரும். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் ஏறக்குறைய 30 கிலோமீற்றர்தான். காற்றில் யாருக்கும் கடவுச்சீட்டுக் கிடையாது.

சின்ன ட்ரான்சிஸ்டருக்குள் கறுப்பாக ஒரு ஃபெரைட் கம்பி இருக்கும். மத்திய அலைக்கு அதுதான் ஏரியல். கம்பியின் முனை நிலையத்தைப் பார்த்து நின்றால் சத்தம் மங்கும், குறுக்காக நின்றால் கூடும். எங்கள் ஊர்க் கடற்றொழிலாளர்களுக்கு இந்த விளக்கம் தெரியாது, கைப்பழக்கம் தெரியும். பொலித்தீன் பையில் சுற்றி வள்ளத்துக்குக் கொண்டுபோன றேடியோவை இரவில் மெல்ல மெல்லத் திருப்பி, கொழும்பு எந்தப் பக்கத்தில் மங்குகிறது என்று பார்த்து, கரையின் திசையை மட்டுப்பிடித்தவர்கள் இருந்தார்கள். அப்பாவும் அப்படிச் செய்திருக்கிறார். கேட்கிற பெட்டியே வழிகாட்டியாகவும் இருந்த காலம்.

1952இல் இந்தியாவின் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களை ஒதுக்கினார். ஒதுக்கப்பட்டதை எல்லாம் இலங்கை வானொலி வாரி எடுத்துக்கொண்டது. அமீன் சயானியின் ‘பினாக்கா கீத்மாலா’ அதே ஆண்டு கொழும்பு அலையில் தொடங்கி வட இந்தியாவைக் கட்டிப்போட்டது. தமிழில் மயில்வாகனன், அவருக்குப் பின்னால் கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் என்று ஒரு பரம்பரையே வந்தது. டெல்லி விழித்துக்கொண்டு 1957இல் விவித பாரதியைத் தொடங்கிய பிறகும் தமிழ்நாட்டின் தென்கரை கொழும்பை விடவில்லை.

நேயர் விருப்பத்திலும் பிறந்தநாள் வாழ்த்திலும் பாட்டுக்கு முன்னால் வரும் பெயர்களைக் கேட்பதற்காகவே நாங்கள் காத்திருப்போம். தொண்டி, சாயல்குடி, இராமேஸ்வரம், கற்பிட்டி, உயிலங்குளம் என்று இரு கரை ஊர்களும் கலந்து வரும். அறிவிப்பாளரின் கையில் இருந்தது ஓர் அஞ்சலட்டை. எழுதியவர் தன் பெயரையும் ஊரையும் தானே சொல்லியிருப்பார். எந்தப் பாட்டு வேண்டும், யார் யாரோடு சேர்ந்து கேட்க விரும்புகிறார் என்பதையும் சொல்லியிருப்பார். நேயரை யாரும் ஊகித்துப் பார்க்கவில்லை. அவர் சொன்னார், நிலையம் கேட்டது. தன் பெயர் வராவிட்டாலும் தன் ஊர்ப்பெயர் வந்ததென்று பள்ளிக்கூடத்தில் ஒரு கிழமைக்குக் கதைத்துத் திரிந்த பிள்ளைகளில் நானும் ஒருவன்.

பிறகு யுத்தம் வந்தது. 1984இல் இராமேஸ்வரம் கப்பல் நின்றது. 1990இல் தீவையும் பெருநிலத்தையும் இணைத்த பாலம் தகர்க்கப்பட்டது, ரயிலும் நின்றது. அதே ஆண்டு பேசாலையிலும் மடுவிலும் ஐ.நா. அகதிகள் உயர் ஆணையம் ‘திறந்த நிவாரண நிலையங்களை’ அமைத்தது. ஒக்டோபரில் எருக்கலம்பிட்டி, தாராபுரம் முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் ஊரைவிட்டே வெளியேற்றினார்கள். வெளியேற்றப்பட்டவர்கள் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் கொட்டில் போட்டுக் குடியிருந்தார்கள். அதற்குப் பிறகு வந்த அறிவித்தல்களில் பிறப்பிடம் எருக்கலம்பிட்டி, வதிவிடம் புத்தளம் என்று கேட்டோம். பிறப்பிடம் பேசாலை, வதிவிடம் கனடா என்று கேட்டோம். ஊர் எப்படிச் சிதறியது என்பதற்கு எங்களிடம் இருந்த ஒரே கணக்கேடு அந்த இரண்டு சொற்கள்தான்.

பொருளாதாரத் தடையால் பற்றரி கிடைக்காத வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் பிபிசி தமிழோசை கேட்டார்கள். ஒருவர் சுற்றக் கூட்டமாக இருந்து கேட்பார்கள். சுற்றுகிறவர் களைத்தால் குரல் தேய்ந்துவிடும். அடுத்தவர் கை கொடுப்பார். அந்த மக்களுக்கு எந்த நிலையம், எத்தனை மணிக்கு, எந்த மீற்றரில் என்று எவரும் பரிந்துரைக்க வேண்டியிருக்கவில்லை. உயிரோடு இருப்பதற்குத் தேவையான தகவலாக அது மனப்பாடமாகியிருந்தது.

இன்றைக்கு எல்லாம் இருக்கிறது. 2010இல் புதுப் பாலம் வந்தது, 2015இல் தலைமன்னார் துறை வரைக்கும் மறுபடி ரயில் வந்தது. தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் நிற்கின்றன. கையில் நல்ல கைபேசி இருக்கிறது. 1998இல் சூரியனும் சக்தியும் தொடங்கியபின் பண்பலையில் தமிழுக்குக் குறைவில்லை. இணையத்தில் லண்டன், பாரிஸ், ரொறொன்ரோ தமிழ் வானொலிகள் எல்லாம் எடுக்கின்றன. 2016இல் நெதர்லாந்தில் உருவாக்கிய ‘ரேடியோ கார்டன்’ என்ற செயலியில் பூமிப்பந்தைத் திருப்பி, பச்சைப் புள்ளியில் விரலை வைத்தால் அந்த ஊர் வானொலி பேசுகிறது. பாடல்களைப் பரிந்துரைக்கும் ‘ஸ்பொட்டிஃபை’ 2021இல் இலங்கைக்கும் வந்துவிட்டது. அப்பாவின் றேடியோவில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முள்ளு நகர்ந்த தூரத்துக்குள் அடங்கிய உலகம், இப்போது ஆயிரக்கணக்கான நிலையங்களாக விரிந்து கிடக்கிறது.

இவ்வளவு இருக்கும்போதுதான் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் பெரியம்மா ஒருவர் சில வருடங்களாக எதையும் கேட்காமல் இருந்தார். மணிலாவிலிருந்து வந்த வேரித்தாஸ் வானொலியின் தமிழ் நிகழ்ச்சிதான் அவருக்கு உயிர். கத்தோலிக்கரான எங்கள் ஊரவர் பலருக்கும் அப்படித்தான். 2018இன் நடுப்பகுதியில் வேரித்தாஸ் சிற்றலையை நிறுத்தி இணையத்துக்கு மாறியது. அதற்கு முந்திய ஆண்டு ஏப்ரல் கடைசியில் தமிழோசையும் சிற்றலையை விட்டுப் போயிருந்தது. பெரியம்மாவைப் பொறுத்தவரை வேரித்தாஸ் செத்துப்போய்விட்டது. றேடியோவைத் துடைத்து, சேலைத் துண்டால் மூடி, அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டார். அவருடைய பேத்தியின் கைபேசியில் அந்த நிகழ்ச்சி எந்த நேரமும் கேட்கக் கிடைத்தது. அதே வீட்டில், அதே கூரையின் கீழ். அவருக்கு யாரும் சொல்லவில்லை.

நான் அதை எடுத்துக் காட்டியபோது அவர் கைபேசியை இரண்டு கையாலும் வாங்கி, முகத்துக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

“தம்பி, இதில முள்ளு எங்க இருக்கு?”

“முள்ளு இல்லைப் பெரியம்மா. இந்தப் படத்தில ஒருக்கா தொட்டாச் சரி.”

“எத்தினை மணிக்குத் தொடவேணும்?”

“நீங்க நினைச்ச நேரம் தொடலாம்.”

அவருக்கு அது பிடிக்கவில்லை. நேரம் இல்லாத நிகழ்ச்சி அவருக்கு நிகழ்ச்சியே இல்லை. செபமாலை முடிந்து, விளக்கேற்றி, அதற்குப் பிறகு கேட்பதுதான் வழக்கம். கடைசியில் பேத்தி கைபேசியில் மணி ஒன்று வைத்துக் கொடுத்தாள். மணி அடித்தால் பெரியம்மா படத்தைத் தொடுவார். இப்போது தினமும் கேட்கிறார். செயலிகளை வடிவமைக்கிறவர்கள் ரசனையைப் பற்றியே யோசிக்கிறார்கள். பெரியம்மாவுக்குத் தேவைப்பட்டது பழகிய ஒரு நேரமும், பக்கத்தில் ஒரு பிள்ளையும்.

ரசனையைக் கணிக்கும் முறையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இன்ன பாட்டைக் கேட்ட ஆயிரம் பேர் அடுத்து எதைக் கேட்டார்கள் என்று பார்த்து ஆயிரத்தோராவது ஆளுக்கும் அதையே எடுத்துக் கொடுக்கிறது அது. பாட்டு விஷயத்தில் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அது தலைகளை எண்ணிச் செய்கிற வேலை. மன்னார் மாவட்டம் முழுவதற்கும் 2012 குடிசன மதிப்பீட்டில் ஒரு லட்சம் பேர்கூட இல்லை. அக்கரையில் தமிழ்நாட்டின் சனத்தொகை 2011இல் 7 கோடிக்கு மேல். தமிழில் கேட்கிறவர் என்று மட்டும் அடையாளம் வைத்தால், பேசாலைக்காரரின் விருப்பம் சென்னையின் விருப்பத்துக்குள் கரைந்துபோகும். போதாக்குறைக்கு, கைபேசி இணையத்தின் முகவரி மன்னாரில் இருப்பவரையும் பெரும்பாலும் கொழும்பு என்றே காட்டும். செயலியும் கொழும்பு நிலையங்களைத்தான் முன்னால் எடுத்து வைக்கும்.

தேடிப் பார்த்தாலும் இதே கதைதான். கடல் நிலைமை பற்றி நேற்று மாலை ஒலிபரப்பான ஒரு பேச்சை ஊர்ப் பெடியன் ஒருவன் தேடினான். ‘கடல்’ என்று போட்டதும் 2013இல் வந்த மணிரத்னம் படத்தின் பாட்டுகள் வரிசையாக வந்து நின்றன. ‘மன்னார்’ என்று போட்டால் மன்னார்குடி வருகிறது, மன்னவனை விளிக்கும் பழைய பாட்டுகள் வருகின்றன. அவன் தேடிய பேச்சு இணையத்தில் இருந்தது. நாங்கள் அதைப் பிறகு கண்டுபிடித்தோம். பதிவேற்றியவர் அதற்கு வைத்திருந்த பெயர் ஒரு திகதியும் ஓர் இலக்கமும் மட்டும். யார் பேசினார், எந்தக் கடலைப் பற்றி, எந்த ஊர்த் தொழிலாளருக்காக என்று ஒரு வரி இல்லை. இயந்திரத்துக்கு ஒலி கேட்கும், ஊர் தெரியாது. நாங்கள் எழுதி வைத்தால்தான் அதற்குத் தெரியும்.

இந்த இடைவெளியை மனிதர்களைக் கொண்டு நிரப்பிய ஒரு முன்மாதிரி இலங்கையிலேயே இருந்தது. மகாவலித் திட்டத்தால் இடம் மாற்றப்பட்ட மக்களுக்காக 1989இல் தொடங்கிய கொத்மலை சமூக வானொலியில், 1990களின் கடைசியில் யுனெஸ்கோவின் துணையோடு இணைய இணைப்பு வந்தது. அந்த மலைக் கிராமங்களில் அப்போது கணினி அரிது. இணையத்தில் இருந்ததோ பெரும்பாலும் ஆங்கிலம். நேயர்கள் தங்கள் கேள்வியைக் கடிதத்தில் எழுதி அனுப்பினார்கள். அறிவிப்பாளர் ஒலிபரப்பிலேயே இணையத்தில் தேடினார், துறை தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் இருத்தி, கண்டெடுத்ததை மக்களின் மொழியில் விளக்கினார். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் இலவச இணைய வசதி செய்து கொடுத்தார்கள். கூகுள் பிறந்த காலத்திலேயே, ஒரு மலைநாட்டுச் சிறு வானொலி இதைச் செய்து காட்டியது. தேடலில் தொழில்நுட்பத்துக்குச் சமமாக, கேட்கிறவரை அறிந்த ஒரு மனிதர் தேவை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. அது உலகம் முழுவதும் பேசப்பட்டது. எங்கள் கரையில் யாரும் அதைப் பின்பற்றவில்லை என்பது இன்றும் எனக்கு ஆதங்கம்.

அக்கரையில் இன்னொரு நல்ல காரியம் நடந்தது. பாம்பனில் 2016இல் ‘கடல் ஓசை’ என்ற சமூக வானொலி 90.4 பண்பலையில் தொடங்கியது. மீனவர்களுக்காக, மீனவச் சமூகத்து இளைஞர்களே நடத்தும் வானொலி. காற்றின் வேகம், அலையின் உயரம், அழியும் மீனினங்கள், கடற்பாசி எடுக்கும் பெண்களின் பாடு எல்லாம் அங்கே பேசப்படும். சமூக வானொலியின் அலைக்கு வலு குறைவு, கடலைத் தாண்டி எங்களிடம் வராது. கைபேசி வழியாக வருகிறது. இழுவைப்படகுப் பிரச்சினையில் இரு கரையும் முறைத்துக்கொண்டு நிற்கிற காலத்தில், பாம்பன்காரர் தன் பிள்ளைகளுக்குக் கடலைப் பற்றி என்ன சொல்லிக் கொடுக்கிறார் என்பதைப் பேசாலைக்காரர் காதால் கேட்பது சின்ன விஷயமா? எங்கள் ஊரில் அதைக் கேட்டவர்கள் எல்லாரும், யாரோ ஒருவர் சொல்லித்தான் கேட்டார்கள். எந்தச் செயலியும் தானாகக் கொண்டுவந்து கொடுக்கவில்லை.

அதனால் நாங்கள் சில பேர் அந்தப் பழைய மரண அறிவித்தலின் முறையைக் கையில் எடுத்திருக்கிறோம். நல்ல நிகழ்ச்சி ஒன்று கண்ணில் பட்டால், வாட்ஸ்அப் குழுவில் இணைப்பை மட்டும் தூக்கிப் போடுவதில்லை. மேலே தமிழில் நாலு வரி எழுதுவோம். பேசுகிறவர் எந்த ஊர், இப்போது எங்கே இருக்கிறார், எதைப் பற்றிப் பேசுகிறார், யார் கேட்டால் பயன், எத்தனை நிமிடம். ‘வங்காலையைச் சேர்ந்த, இப்போது நோர்வேயில் இருக்கும் ஓர் ஆசிரியை, ஊர்க் கூத்துகளைப் பற்றி, அண்ணாவிமார் குடும்பத்தவர் அவசியம் கேட்கவும்’ என்ற மாதிரி. அப்படி எழுதினால் உரியவரிடம் அது போய்ச் சேருகிறது. அவர் தன் ஆட்களுக்கு அனுப்புகிறார். எழுதாமல் விட்ட இணைப்பைத் தொடுவாரில்லை.

செலவையும் எழுதுவோம். 64 கிலோபிற் வேகத்தில் வரும் வானொலி மணிக்கு ஏறக்குறைய 29 மெகாபைற் தின்னும். 128 என்றால் அதைப்போல் இரண்டு மடங்கு. நாட்சம்பளத்தில் டேற்றா போடுகிறவருக்கு இது தெரியவேண்டிய கணக்கு. கடலில் கொஞ்சத் தூரம் போனால் சிக்னல் விட்டுப்போகும் என்பதால், தொழிலுக்குப் போகிறவர்கள் இரவே நிகழ்ச்சியை இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். அதைச் செய்வது எப்படி என்று கைபேசியைப் பிடித்துக் காட்டிக் கொடுக்க ஆள் வேண்டும். ஒவ்வொரு ஊரிலும் இதற்குப் பொறுமையுள்ள ஓர் இளம்பிள்ளை இருந்தால் போதும். வாசிகசாலையின் மூலையில் ஒரு மேசை போட்டுக் கொடுத்தால் இன்னும் நல்லது.

பழைய வானொலியைப் போற்றுகிறேன் என்பதற்காகப் புதியதில் கிடைத்ததை மறைக்க நான் விரும்பவில்லை. அன்றைக்கு ஒலிபரப்பு ஒருமுறைதான். தவறவிட்டால் போச்சு. இன்றைக்கு ரொறொன்ரோவில் பிறந்த பேரப்பிள்ளை மடுத்திருப்பதியின் ஆவணித் திருவிழாவைத் தன் வீட்டில் இருந்து நேரலையாகக் காண்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் தன் ‘ஆவணகம்’ தளத்தில் ஒலிப்பதிவுகளைச் சேர்த்து, யார், எந்த இடம், எந்தப் பொருள் என்று தமிழிலேயே குறித்து வைக்கிறது. தேடினால் கிடைக்கிறது. அந்தப் பொறுமையான குறிப்பெழுத்துத்தான் காரணம். ஊர்ப்பெயரை ஊரவர் எழுதுகிற எழுத்தில் எழுதி வைத்தால் இயந்திரமும் படித்துக்கொள்ளும், பரிந்துரையும் திருந்தும்.

ஆகவே இணைய வானொலி நடத்துகிறவர்களிடம், கொழும்பிலும் சென்னையிலும் லண்டனிலும் இருக்கிறவர்களிடம், நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. பதிவேற்றும் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தமிழில் தலைப்பு வையுங்கள். பேசியவரின் ஊரை எழுதுங்கள், பேசப்பட்ட ஊர்களை எழுதுங்கள், திகதி போடுங்கள். நேயர் தன் ஊரையும் தன் தேவையையும் தானே சொல்ல ஓர் இடம் வைத்துக் கொடுங்கள். அஞ்சலட்டையில் இருந்த அந்த நாலு வரி இடம் போதும். சிற்றலையையோ மத்திய அலையையோ நிறுத்துகிறபோது, இனி எங்கே கேட்கலாம் என்பதைக் கடைசி மாதம் முழுவதும் தினமும் சொல்லிவிட்டுப் போங்கள்.

வாசிக்கிற உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் வீட்டிலோ ஒழுங்கையிலோ றேடியோவை மூடி வைத்துவிட்ட பெரியவர் ஒருவர் இருப்பார். அவர் எந்த நிகழ்ச்சியை, எந்த நேரம் கேட்டு வந்தார் என்று இந்த ஞாயிற்றுக்கிழமை போய்க் கேளுங்கள். அது இன்னும் இணையத்தில் இருந்தால், அவர் கையில் கைபேசியைக் கொடுத்து, பழைய நேரத்துக்கே மணி வைத்துக் கொடுத்துவிட்டு வாருங்கள்.